அம்மா வளையலை அடகு வெச்சு குறும்படம் எடுக்காதீங்க தம்பிகளா

மொதல்லயே சொல்லிடறேன். குறும்படம் எடுக்குற பசங்களைக் கிண்டல் பண்றதுக்காக இந்தப் பதிவு இல்லை. அந்த வேலையைச் செய்ய ஊர்ல ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. என் கோபமெல்லாம், "குறும்படம்ங்கிறது உன்னோட விசிட்டிங் கார்டு தம்பி" என்று இருபது வயசுப் பையன் காதில் ஓதுகிற பெரிய மனுஷங்க மேலதான். கல்லூரி வாத்தியார்ல இருந்து, மேடையில பொன்னாடை வாங்கிக்கிட்டு அறிவுரை சொல்ற சிறப்பு விருந்தினர் வரைக்கும் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இந்த ஒரு வாக்கியம் எத்தனை வீட்டு நகையை சேட்டுக் கடைக்கு அனுப்பியிருக்குன்னு யாராவது கணக்குப் போட்டா நல்லா இருக்கும்.

நான் சினிமாக்காரன் கிடையாது. வாரத்துல அஞ்சு நாள் கணக்கு எழுதி ஆணி புடுங்குற ஆளு. ஆனா வீட்ல ஓரளவு சுமாரான ஒரு கம்ப்யூட்டரும், "அண்ணனுக்கு எடிட்டிங் தெரியும்" என்கிற கெட்ட பேரும் இருக்கு. அதனால வருஷா வருஷம், கடைசி செமஸ்டர் நேரத்துல, விஸ்காம் படிக்கிற பசங்க நாலஞ்சு பேர் ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. "அண்ணா, கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்கண்ணா. நாளன்னைக்கு சப்மிட் பண்ணணும்."

உள்ளே என்ன இருக்கும்னு திறக்காமலே சொல்லலாம். அலாரம் அடிக்கும். ஒரு கை மட்டும் வந்து அதை அணைக்கும். ஹீரோ பல் விளக்குவான், முகத்துல தண்ணி அடிச்சுக்கிட்டு கண்ணாடியை முறைப்பான். டீக்கடை வாசல்ல ஸ்லோமோஷன்ல நடப்பான். மேலே இருந்து டிரோன் ஒரு ஏரியைக் காட்டும், ஏரிக்கும் கதைக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. கடைசி ரெண்டு நிமிஷத்துல, அவன்தான் கொலைகாரன், இல்லேன்னா அவன் ஏற்கெனவே செத்துப் போனவன், இல்லேன்னா எல்லாமே கனவு. படம் கறுப்பாகி, கலாம் சொன்னதாகச் சொல்லப்படும் ஏதோ ஒரு பொன்மொழி வரும். இத்தனைக்கும் முன்னாடி ஒண்ணரை நிமிஷம் டைட்டில் ஓடியிருக்கும். நாலு தயாரிப்பு நிறுவனத்தோட லோகோ. நாலும் ஒரே ஹாஸ்டல் ரூம்ல இருக்கிற ஆளுங்க.

இதுக்காக அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வராது. அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தோமோ அதைத்தான் அவன் எடுத்திருக்கான். விசிட்டிங் கார்டுன்னு சொன்னா, கார்டுல என்ன இருக்கணும்? பளபளப்பு இருக்கணும். பேர் பெருசா இருக்கணும். யாரோ ஒரு தயாரிப்பாளர் முப்பது செகண்ட் பார்த்துட்டு "பய வேலைக்காரன்"னு சொல்லணும். அதனாலதான் டிரோன், அதனாலதான் ட்விஸ்ட். ஒரு ஆள் ஒரு அறைக்குள்ள நுழைஞ்சு, இன்னொரு ஆளைப் பார்த்து, தயங்கி, உட்காரலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதை எப்படி எடுக்கிறதுன்னு அவன் கத்துக்கவே இல்லை. கார்டுக்கு அது தேவைப்படலை.

போன வருஷம் வந்த ஒரு தம்பியோட கணக்கு நோட்டைப் பார்த்தேன் (தொழில் புத்தி, எந்த நோட்டைப் பார்த்தாலும் கூட்டிப் பார்த்துடுவேன்). ரெண்டு நாள் ஷூட்டிங், மொத்தம் 75,000 ரூபாய். கேமரா, லென்ஸ் வாடகை 18,000. சாப்பாடு 11,000, அதுல ரெண்டு வேளை பிரியாணி. கலர் சரி பண்ண 10,000. லைட்டும் லைட்டுக்கு ஒரு ஆளும் 9,000. வண்டி, பெட்ரோல் 7,000. அரை நாள் டிரோனுக்கு 6,000. மேக்கப், துணிமணி 5,000. கேமராவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறதுக்கு ஜிம்பல்னு ஒண்ணு, அது 3,000. போஸ்டர், டீசர் 4,500. மிச்சம் எவ்வளவு? 1,500. அதுதான் சவுண்டு. 75,000 ரூபாய்ல போஸ்டருக்குப் போனதுல மூணுல ஒரு பங்குதான் காதுக்கு.

பணம் எப்படிப்பா வந்துச்சுன்னு கேட்டேன். பாதி நண்பர்கள் போட்டது. மீதி, அம்மா வளையல் ரெண்டு. அப்பாவுக்குத் தெரியாது. அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வியாம்: "இதை எடுத்தா வேலை கிடைச்சிடுமா கண்ணு?"

அந்தப் படத்துல ஒரு நாள் ஷூட்டிங் நடந்தது குரோம்பேட்டையில என் வீட்லதான். ஹால் வேணும்னாங்க, குடுத்தேன். குரோம்பேட்டைன்னா தெரியும்ல? ஒரு பக்கம் மின்சார ரயில், தலைக்கு மேல மீனம்பாக்கத்துல இருந்து கிளம்புற விமானம், காலைல குப்பை வண்டிப் பாட்டு. அன்னைக்கு ஆடி மாசம் வேற, தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர் பத்து மணிக்கே ஆரம்பிச்சிடுச்சு. எடுத்ததோ அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசுற எட்டு நிமிஷக் காட்சி! லொகேஷன் பார்க்க வந்தப்போ அஞ்சு பேர் வந்தாங்க, அஞ்சு பேரும் சுவரோட கலரைப் பார்த்தாங்க, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாங்க. ஒருத்தர் கூட ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு நின்னு காதால கேக்கலை. இதை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலை.

ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அணைச்சிடலாமான்னு நானே கேட்டேன். "டப்பிங்ல பார்த்துக்கலாம்ணா". சவுண்டு ரெக்கார்டிங் பண்றவங்க மத்தியில ஒரு பழைய வழக்கம் உண்டு: ஷூட்டிங் வீட்ல ஃபிரிட்ஜை அணைச்சதும் வண்டிச் சாவியை உள்ளே வெச்சிடுவாங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடுவோம்ல, அப்போ ஃபிரிட்ஜை மறுபடி போட ஞாபகம் வரும். இவ்வளவு எளிமையான அறிவுதான் இந்தத் தொழில் முழுக்க. ரூம் டோன்னு ஒண்ணு உண்டு. யாரும் பேசாம, அசையாம, 30 செகண்ட் அந்த அறையோட சத்தத்தை மட்டும் பதிவு பண்ணிக்கிறது. எடிட்டிங்ல ரெண்டு வசனத்துக்கு நடுவுல வெட்டினா பின்னணிச் சத்தம் பட்டுனு அறுந்து விழும். அந்த ஓட்டையை அடைக்க அதே சட்டைத் துணியில ஒட்டுப் போடணும்ல, அந்தத் துணிதான் ரூம் டோன். காசே இல்லாத சமாச்சாரம். மூணு வருஷம் படிச்ச ஒரு குழுவுக்கு அந்த வார்த்தையே புதுசா இருந்துச்சு.

அப்புறம் டப்பிங் எப்படி நடந்ததுன்னு கேளுங்க. அப்பாவா நடிச்சவர் திருச்சிக்குப் போயிட்டார். வாட்ஸப்ல வாய்ஸ் நோட்டா வசனத்தைப் பேசி அனுப்பினார். என்ன கொடுமை சார் இது!

இன்னொண்ணும் அன்னைக்கு நடந்துச்சு. குழுவுல ஒரு பொண்ணு, கையில ஒரு நாற்பது பக்க நோட்டு. அப்பா கேரக்டர் டம்ளரை எந்தக் கையில பிடிச்சார், எந்த வசனத்துல கீழ வெச்சார், சட்டைப் பொத்தான் எத்தனை மாட்டியிருந்தார்னு ஷாட் வாரியா எழுதிக்கிட்டே இருந்தா. மத்தியானம் எடுத்த குளோசப்ல அவர் வலது கையில டம்ளரோட உட்கார்ந்தார். "காலைல இடது கை" என்று அவ சொன்னா. டைரக்டர் தம்பிக்குக் காது கேக்கலை. மறுபடியும் சொன்னா. "லைட் போயிட்டு இருக்கு, அப்புறம் பேசு". எடிட்டிங்ல என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரும்போது, அந்த டம்ளர் ஒரே வாக்கியத்துக்குள்ள கை மாறி கை மாறி வித்தை காட்டிச்சு. காட்சியோட நல்ல நடிப்பு முழுக்க அந்த குளோசப்லதான் இருந்தது, அதைத் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு அந்த ஹால்ல படம் எடுக்கத் தெரிஞ்சிருந்த ஒரே ஆள் அவதான். டைட்டில்ல அவ பேர் "உடைகள் உதவி"ன்னு வந்துச்சு. இதுவும் விசிட்டிங் கார்டு கொள்கையோட பலன்தான். கார்டுல ஒரு பேருக்குத்தான் இடம். மத்தவங்க எல்லாம் அந்த ஒருத்தனுக்குச் சம்பளமில்லாத கூலி.

கோடு தாண்டுறது பத்தியும் சொல்லிடறேன். ரெண்டு பேர் எதிரெதிரா உட்கார்ந்து பேசினா, அவங்க ரெண்டு பேரையும் இணைச்சு தரையில ஒரு கற்பனைக் கோடு. கேமரா அதுக்கு ஒரே பக்கத்துல இருக்கணும். 180 டிகிரி விதின்னு எல்லாப் பாடப்புத்தகத்துலயும் இருக்கு. பரீட்சையில பத்து மார்க் கேள்வி, படம் வரைஞ்சு பாகம் குறிச்சு எல்லாரும் எழுதியிருக்காங்க. ஷூட்டிங்ல ஜன்னல் வெளிச்சம் அழகா இருக்குன்னு கேமராவைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க. இப்போ படத்துல அப்பாவும் மகனும் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டுப் பேசுறாங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. எழுதிப் படிச்சா இது வராதுங்க. ஒரு தடவை தப்பா எடுத்து, எடிட்டிங்ல உட்கார்ந்து அசிங்கப்பட்டாத்தான் வரும். அந்த அசிங்கத்தை 75,000 ரூபாய் செலவழிச்சுத்தான் படணுமா, இல்ல கையில இருக்கிற ஃபோன்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படலாமா என்பதுதான் என் கேள்வி.

சரி, எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். இதை எங்க பேசினாலும் ரெண்டு பதில் தயாரா இருக்கும்.

ஒண்ணு, சத்யஜித் ரே. "அவரே மனைவி நகையை அடகு வெச்சுத்தான் பதேர் பாஞ்சாலி எடுத்தார்!" ஆமா, வெச்சார். ஆனா கதையைப் பாதியிலேர்ந்து சொல்றீங்களே சாமி. 1952 அக்டோபர் 27 அன்னைக்கு முதல் ஷாட் வெச்சப்போ ரேவுக்கு 31 வயசு. விளம்பரக் கம்பெனியில மாசச் சம்பளம் வாங்கிட்டு இருந்த ஆள். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி லண்டன்ல சில மாசம் இருந்தப்போ 99 படம் பார்த்தவர். காட்சி காட்சியா வரைஞ்சு வெச்சுக்கிட்டு இறங்கினவர். அப்படிப்பட்டவருக்கே முதல் நாள் சறுக்கல்தான். அந்த நாணல் பூ வயல் காட்சியைப் பாதி எடுத்துட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தா, மாடுங்க பூவையெல்லாம் மேய்ஞ்சிடுச்சு. மறுபடி பூக்குற பருவம் வரைக்கும் காத்திருந்து திரும்ப எடுத்தார். ரேவோட கதையில நாம எடுத்துக்க வேண்டியது அந்த "திரும்ப எடுத்தார்". நம்ம ஆளுங்க எடுத்துக்கிட்டது நகையை.

ரெண்டாவது பதில், நாளைய இயக்குநர். 2009-ல கலைஞர் டிவியில ஆரம்பிச்ச அந்த நிகழ்ச்சியில குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல பீட்சா எடுத்தார், நலன் குமாரசாமி 2013-ல சூது கவ்வும் எடுத்தார், ராம்குமார் தன்னோட முண்டாசுப்பட்டி குறும்படத்தையே 2014-ல முழுப் படமாக்கினார். பாலாஜி மோகனோட காதலில் சொதப்புவது எப்படியும் அப்படித்தான், குறும்படமா இருந்து 2012-ல தியேட்டருக்கு வந்துச்சு. "பார்த்தீங்களா, கார்டு வேலை செய்யுது!"

நல்லாப் பாருங்க. அந்த நிகழ்ச்சியில அவங்க ஒரு படத்தோட நிக்கலை. சுற்றுக்குச் சுற்று வேற படம் எடுக்கணும். ஒண்ணு எடுத்து, நடுவர்கள் முன்னாடி உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கிட்டு, சூடு ஆறுறதுக்குள்ள அடுத்ததை யோசிக்கணும். கைவசம் இருக்கிற நடிகர்களை வெச்சு, குடுத்த நேரத்துக்குள்ள. அவங்க கத்துக்கிட்டது அங்கதான். ஒத்தைக் கார்டு அடிச்சு யாரும் உள்ளே போகலை. அதுலயும் கார்த்திக் சுப்பராஜ் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர், வயித்துக்கு வழி வெச்சுக்கிட்டுத்தான் ஆட்டத்துல இறங்கினார். இந்த நாலஞ்சு பேரை விரல்விட்டு எண்ணுறோம். அதே ஆண்டுகள்ல எடுத்துட்டு வட்டி கட்டிக்கிட்டு இருந்தவங்களை எண்ண யாருக்கும் விரல் இல்லை.

வெளியூர்ல எப்படிச் சொல்லிக் குடுக்குறாங்கன்னு பார்த்தா வயித்தெரிச்சல். போலந்துல வுட்ஜ் நகரத் திரைப்படக் கல்லூரி. அங்க மாணவரா இருந்தப்போ ரோமன் பொலான்ஸ்கி (ஆள் பிற்பாடு எப்படிப்பட்டவர் ஆனார்ங்கிறது வேற கதை, அதை இங்க இழுக்கலை) 1958-ல எடுத்தது "அலமாரியுடன் இரண்டு மனிதர்கள்". கடலுக்குள்ள இருந்து ரெண்டு பேர் ஒரு பெரிய அலமாரியைத் தூக்கிக்கிட்டு வெளியே வர்றாங்க, ஊருக்குள்ள எங்கயும் அவங்களைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. பதினஞ்சு நிமிஷம், ஒரு வசனம் கிடையாது. பிரஸ்ஸல்ஸ்ல பரிசு வாங்கின படம். சினிமா கிளப்ல இதைப் போட்டுக் காட்டி "பாருங்க, மாணவர் படம்!"னு வியப்பாங்க. அதுக்கு முந்தின வருஷம் அதே ஆள் எடுத்த "கொலை"யை யாரும் காட்ட மாட்டாங்க. ஒண்ணரை நிமிஷம். ஒருத்தன் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே வர்றான், தூங்குறவனைக் கொல்றான், போயிடறான். அவ்வளவுதான், அது ஒரு பயிற்சி. அதே 1957-ல இன்னொரு ரெண்டு நிமிஷப் படமும் உண்டு. அலமாரிக்கு முன்னாடி இத்தனை படிக்கட்டு இருந்துச்சு.

அதே கல்லூரியில கீஸ்லோவ்ஸ்கி 1966-ல எடுத்த "டிராம்" இன்னும் எளிமை. ராத்திரி. ஒரு பையன் ஓடிப் போய் டிராம்ல ஏறுறான். உள்ளே ஒரு பொண்ணு. பார்க்குறான், அவளும் பார்க்குறா. அவ தூங்கிடறா. அவன் இறங்க வேண்டிய இடம் வருது, இறங்கிடறான். அப்புறம் மனசு கேக்காம டிராம் பின்னாடி ஓடுறான். கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், ஒலியே இல்லாத படம். செலவுன்னு பார்த்தா ஒரு வண்டி, ரெண்டு முகம். ஆனா யார் யாரை எப்போ பார்க்குறாங்க, எப்போ பார்வையை விலக்குறாங்க, இந்த ஷாட்டை எங்க வெட்டினா அந்தத் தயக்கம் நமக்குத் தொத்திக்கும் - கதைப்படம்னா என்னன்னு முழுக்க அதுல இருக்கு. நம்ம பையன் பின்னாடி பாட்டு போட்டு, ஹீரோ வாய்ஸ் ஓவர்ல "அன்னைக்குத்தான் அவளை முதன்முதலா பார்த்தேன்"னு சொல்லி முடிச்சிருப்பான்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம புனே திரைப்படக் கல்லூரியிலயே டிப்ளமோ படத்துக்கு முன்னாடி கன்டினியூட்டி பயிற்சி, வசனப் பயிற்சின்னு ஒவ்வொண்ணா கடந்துதான் வரணும். ஒரு ஆள் வீட்டைத் திறந்து உள்ளே வந்து உட்காருறதை வெட்டு தெரியாம ஒட்டக் கத்துக்கிட்ட பிறகுதான் பெரிய கதை. புனேயில ஒளிப்பதிவு படிச்சவர்தான் பாலு மகேந்திரா. சன் டிவியில அவர் குடுத்த "கதை நேரம்" ஞாபகம் இருக்கா? தமிழ் எழுத்தாளர்களோட சிறுகதைகளை எடுத்துக்கிட்டு 52 குறும்படம். மூடுபனியும் மூன்றாம் பிறையும் எடுத்து முடிச்ச ஆளுக்கே அடுத்தவங்க கதை தேவைப்பட்டுச்சு. நம்ம மூணாம் வருஷ மாணவனுக்கு மட்டும் சொந்தமா "கான்செப்ட்" வேணுமாம்!

பழைய காலத்து ஃபிலிம் சுருள் ஒரு நல்ல வாத்தியாரா இருந்துச்சு. 35 எம்எம்-ல 400 அடிச் சுருள்னா நாலரை நிமிஷம் கூட ஓடாது. கேமரா ஓடுற சத்தமே காசு எரியுற சத்தம். அதனால பத்து தடவை ஒத்திகை பார்த்துட்டுத்தான் பொத்தானை அழுத்துவாங்க. அது இன்னைக்கு இல்லை, திரும்ப வரவும் வேண்டாம். ஆனா இலவசமா எடுக்கலாம்ங்கிற வசதி கிடைச்சதை நாம எதுக்குப் பயன்படுத்தினோம்? ஒரே காட்சியை ஏழு தடவை எடுத்துப் பழகுறதுக்கா? இல்லை. வாடகைக்கு இன்னும் பெரிய கேமரா எடுக்குறதுக்கு. அந்த 18,000 ரூபாய் கேமராவுல எடுத்த சமையலறைக் காட்சி முழுக்க டியூப்லைட் வரி வரியா ஓடுது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை ஐம்பதில் ஒண்ணுலயோ நூறில் ஒண்ணுலயோ வெச்சா அந்த வரி வராது. கையில இருக்கிற ஃபோன்ல ரெண்டு நாள் விளையாடியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றேன்னு கேப்பீங்க. முதல் ஆறு மாசம் வசனத்தைப் பிடுங்கிடுங்க. ஒரு ஆள், ஒரு இடம், அவருக்கு ஒரு பொருள் வேணும், கிடைக்கலை. ஒரு நிமிஷம். ஃபோன்ல எடுங்க, டாவின்சி ரிசால்வ் இலவசமாவே கிடைக்குது, அதுல வெட்டுங்க. சொந்தக்காரங்க, நண்பர்கள் இல்லாத மூணு பேர்கிட்டக் காட்டுங்க. "எப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேக்கவே கேக்காதீங்க, "சூப்பர் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. "என்ன நடந்துச்சு?"ன்னு கேளுங்க. அவங்க சொல்ற கதையும் நீங்க நினைச்ச கதையும் வேற வேறயா இருக்கும். எங்க பிசகுச்சுன்னு கண்டுபிடிச்சு, புதுக் கதைக்குப் போகாம, அதே ஒரு நிமிஷத்தை மறுபடி எடுங்க. அப்புறம் வசனம். அதுக்கும் சொந்தமா எழுதாதீங்க, இப்போதைக்கு. புதுமைப்பித்தன் மறைஞ்சது 1948-ல. எழுத்தாளர் மறைஞ்சு 60 வருஷம் ஆனா உரிமை பொதுன்னு நம்ம சட்டம் சொல்லுது, அதனால யார்கிட்டயும் கைகட்டி அனுமதி கேக்க வேண்டாம். "ஒரு நாள் கழிந்தது" எடுத்துக்குங்க. கடன்காரப் பயத்தோட வாழுற ஒரு எழுத்தாளர், மனைவி, சின்னப் பொண்ணு, ஒரே வீடு, ஒரே நாள். முகத்துக்கு முகம் பேச்சை எப்படிப் பிரிச்சு எடுக்குறதுன்னு பழக அதை விட நல்ல கதை எனக்குத் தெரிஞ்சு இல்லை. மனுஷன் கடைசிக் காலத்துல சினிமாவுக்கு எழுதப் போய் நொந்தவர்ங்கிறது தனி சோகம்.

கல்லூரிகள் பக்கம் வராம முடிக்க முடியாது. அஞ்சு செமஸ்டர் மெக்லுகன், ஷ்ராம்னு தியரி. ஆறாவது செமஸ்டர்ல திடீர்னு "ஆளுக்கொரு படம் எடுத்துட்டு வா". நீச்சல் பத்தி ரெண்டரை வருஷம் பாடம் எடுத்துட்டு கடைசி நாள் கிணத்துல தள்ளி விடுற கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு கல்லூரியில நல்ல கேமரா ரெண்டு அலமாரியில இருக்கு. பூட்டியே இருக்கு. பசங்க தொட்டா உடைஞ்சிடுமாம். ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் வெளியே எடுத்துத் துடைச்சு மேசை மேல வைப்பாங்க. கட்டணத்துல அதுக்கான பணத்தையும் கட்டிட்டு, பசங்க வெளியே வாடகைக்கு எடுக்குறாங்க. வைவால கேக்குற முதல் கேள்வி என்ன தெரியுமா? "இந்தப் படத்தோட மெசேஜ் என்ன?" ஏன் இந்த இடத்துல வெட்டினேன்னு ஒரு கேள்வி கிடையாது. ஏன் கேமராவை இந்த உயரத்துல வெச்சேன்னு கேள்வி கிடையாது. மெசேஜ் கேட்டா பொன்மொழி வராம என்ன வரும்?

டம்ளர் நோட்டு வெச்சிருந்த அந்தப் பொண்ணு இப்போ இன்னொரு படம் எடுக்குறா. ஃபோன்லதான். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடுறாங்க, அவ்வளவுதான் கதை. வசனம் இல்லை. இதுவரைக்கும் ஆறு தடவை எடுத்திருக்கா. முதல் தடவை பார்த்தப்போ பாட்டி ஏதோ வீட்டைப் பெருக்குறாங்கன்னுதான் நான் நினைச்சேன், அப்படியே சொன்னேன். ஆறாவதைப் பார்த்தேன். ரெண்டேகால் நிமிஷம். கண்ணாடி எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. அவங்க கை அது பக்கத்துல போறப்போ எல்லாம் நான் சீட் நுனிக்கு வந்தேன். செலவு, பாட்டிக்கு வாங்கிக் குடுத்த ரெண்டு பாக்கெட் முறுக்கு.

அதைத்தான் ப்ராஜெக்டா குடுக்கப் போறேன்னு துறையில கேட்டிருக்கா. முடியாதாம். குறைஞ்சது 15 நிமிஷம் இருந்தாத்தான் ப்ராஜெக்ட்னு விதியாம். அதுக்குக் கம்மின்னா "எஃபர்ட் தெரியலை"யாம். இந்த 15 நிமிஷக் கணக்கை யார், எந்த ராத்திரியில போட்டாங்கன்னு யாருக்கும் தெரியலை. விஸ்காம் சொல்லிக் குடுக்குற நண்பர்கள் இதைப் படிச்சா, அந்த ஒரு விதியை மட்டுமாவது தூக்குங்க. ஒரு நிமிஷப் படம் மூணு, அதுல ஒண்ணு கட்டாயம் திரும்ப எடுத்ததா இருக்கணும், மூணுக்கும் மார்க்குன்னு மாத்துங்க. பல்கலைக்கழகப் பாடத்திட்டம்னு கை காட்டாதீங்க, உள் மதிப்பெண் உங்க கையிலதானே இருக்கு?

இந்த மாசக் கடைசிக்குள்ள அவ சப்மிட் பண்ணணும். ரெண்டேகால் நிமிஷத்தை 15 நிமிஷமா இழுக்க என்ன வழின்னு நேத்து என்கிட்ட கேட்டா. டிரோன் வைக்கலாமாங்கிறா. எனக்குச் சொல்லத் தெரியலை. உங்க யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க.